தனிக்கூண்டு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கல்லூரி இருந்ததாம். அதன் பின்பக்கம், ஆய்வுக்கு விலங்கு வளர்க்கிற ஒரு கூடம். இப்போது அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் கதவைத் திறந்தாலே மரத்தூளும் ஊறின கடலையும் கலந்த ஒரு வாசம் வரும். அங்கே படித்தவர்களுக்கு அது இன்னும் மூக்கிலேயே இருக்கும்.

அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு பேராசிரியை ஹெப்சிபா. அவரிடம் ஆய்வு மாணவன் அய்யாத்துரை. வெள்ளெலிகளோடு பழகின கை. அந்த வருஷம்தான் ஜெர்பில் என்கிற மணல் எலிகள், வாலில் குஞ்சம் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தன. அவற்றில் பிழைத்து மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி.

ஒரு காலை அவன் ஓடி வந்தான்.

"மேடம், குட்டியெல்லாம் ஜில்லுனு கெடக்கு. போன ஈத்து மாதிரி இதுவும் போயிரும் போல. தாய் எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிருது."

மேடம் குனிந்து பார்த்தார். கண் திறக்காத சிவந்த குட்டிகள். தாய் ஓரமாக நின்று தின்றுகொண்டிருந்தது.

"ஆண் எங்கே?"

"தனிக்கூண்டுல. நேத்து குட்டி போட்டதும் பிரிச்சுட்டேன். எலிக்கு அப்படித்தான செய்வோம்?"

"இது அந்த எலின்னு யாருப்பா சொன்னது?"

"பேருலயே இருக்கே மேடம்."

"நல்லவேளை, உங்கிட்ட கடல்குதிரையைக் குடுக்கல. கொள்ளு வச்சிருப்ப."

அவரே போய் ஆணை எடுத்து வந்தார். கூட்டிலிருந்து கொஞ்சம் வைக்கோலை உருவி அதன் முதுகில் தேய்த்தார்.

"எதுக்கு மேடம்?"

"வீட்டு வாசம் இல்லேன்னா அவ உள்ள விடமாட்டா."

இறக்கிவிட்டார். தாய் முகர்ந்து பார்த்தது. பின்காலால் தரையைத் தட்டியது. சண்டைக்குப் பாய்கிறதோ என்று அய்யாத்துரை கூண்டுக்குள் கையை நீட்டினான். தாயோ மறுபடி தின்னப் போய்விட்டது. ஆண் கூட்டுக்குள் நுழைந்து குட்டிகள்மேல் கவிழ்ந்து படுத்தது.

இருவரும் காத்திருந்தார்கள்.

"உம் பிள்ளை எப்படியிருக்கு?" என்றார் மேடம். அவன் மனைவிக்குக் கோவில்பட்டியில், தாய்வீட்டில், போன வாரம்தான் பிரசவம்.

"நல்லாருக்குன்னு போன்ல சொன்னாங்க. இன்னும் போகல."

"ஏன்?"

"பால் குடுக்க அவ இருக்கா. குளிப்பாட்ட மாமியார் இருக்காங்க. நான் போயி என்ன செய்ய?"

மேடம் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோலுக்குள் ஒரு குட்டி நெளிந்தது. பிறகு இன்னொன்று.

அய்யாத்துரை கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"மேடம், இவன் சும்மாதான படுத்திருக்கான்?"

"குட்டிக்கு அது சும்மாவாப்பா?"

அவன் எழுந்தான். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்தான்.