விற்காத எட்டு மாதம்

தூத்துக்குடியில் சிறுதொழில் தொடங்கும் பெண்களுக்கு வரிப் பாடம் சொல்லித்தந்தவள் ருக்சானா. வயது இருபத்தேழு. அவளிடம் படித்தவர்களில் மூத்தவள் பிலோமி. நாற்பத்தொன்பது வயதில் குப்பைமேனி சோப்புச் செய்து விற்கக் கிளம்பியவள்.

ஒரு பிற்பகல் பிலோமி வகுப்புக்குள் மூச்சிரைக்க வந்தாள்.

“டீச்சர், பெங்களூர்க் கடைக்காரன் ஐந்நூறு சோப்பு கேக்கான். வெள்ளிக்கிழமை லாரியில ஏத்தணும். பில் போடப் போனா என் ஜிஎஸ்டி நம்பர் ரத்தாயிட்டாம். புது நம்பர் வாங்கித் தாங்க.”

ருக்சானா கணினியில் பார்த்தாள்.

“எட்டு மாசமா ரிட்டர்ன், அதான் விற்பனைக் கணக்கு, போடலையேக்கா.”

“ஒரு சோப்புகூட விக்கல. இல்லாததுக்கு என்னத்தப் போட?”

“இல்லைன்னு போடணும்.”

“நல்லா இருக்கே நியாயம்! சோறு பொங்காத அன்னைக்குப் பொங்கலன்னு தெருவில தமுக்கடிக்கணுமோ? தெரியாமத்தான் கேக்கேன், இந்தச் சட்டத்தை எழுதுனவன் என்னைக்காவது பட்டினி கெடந்திருக்கானா?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ருக்சானா சிரிக்கவில்லை.

“நோட்டீஸ் அனுப்பியிருக்காங்களே.”

“எனக்கு ஒண்ணும் வரல.”

“இது யார் ஈமெயில்?”

பிலோமி எட்டிப் பார்த்தாள். பதிவு செய்துகொடுத்த பிரவுசிங் சென்டர்காரன் தன்னுடையதையே போட்டிருந்தான். அவன் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய் ஆறு மாதமாயிற்று.

“போட்டும். புதுசு வாங்கலாம்லா?”

“பழசு தீராமப் புதுசு தரமாட்டாங்க. பழசை மீட்க, விட்டுப்போன ரிட்டர்ன் எல்லாம் போட்டு மனுக் குடுக்கணும். ஆபீசர் பாத்து முடிவு சொல்ல நாளாகும். வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்காது.”

பிலோமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லலைன்னா ஆளையே அழிச்சிருவாங்களா? என்ன சட்டம் டீச்சர் இது?”

ருக்சானா திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“கடலுக்குப் போன உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து சேதி நின்னு எத்தனை வருஷமாச்சுக்கா?”

மற்ற பெண்கள் பிலோமியின் பக்கம் திரும்பினார்கள்.

“ஆறு.”

“இருக்கேன்னோ இல்லைன்னோ ஒரு வார்த்தை வந்தாப் போதும்னு அழுதீங்க.”

“அழுதேன். இப்பவும் அழுறேன்.” பிலோமியின் குரல் தடித்தது. “ஆனா ரேஷன் கார்டுல அவர் பேரை நான் அடிக்கலையே! மூணு தடவை வந்து கேட்டாங்க. அடிக்கமாட்டேன்னுட்டேன். சேதி வரலைன்னு நானா அவரை இல்லாம ஆக்கினேன்?”

ருக்சானா திரையை அணைத்தாள்.

“நீங்க காத்துக்கெடக்க ஒரு மனுஷர் இருக்காரு. சட்டத்துக்கு அப்படி யாருமில்லக்கா.”