படத்தின் பின்பக்கம்

முதலில் உப்பளத்தில் கூலியைக் குறைத்தார்கள். ஏன் என்று கேட்டவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்கள் வாசலில் கூடியபோது சுட்டார்கள். செத்தவள் கல்லெறிந்தாள் என்று அறிக்கை எழுதினார்கள். அதன்பிறகு கவிஞர்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் வேலாண்டி நல்லவன். தலை நரைத்த பிறகும் சங்கத் தலைவி எஸ்தரிடம் காட்டாமல் ஒரு வரியையும் அச்சுக்குக் கொடுக்கமாட்டான். அவள் துண்டறிக்கை எழுதி எழுதியே தமிழ் கற்றவள். அந்தத் தமிழ் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று நினைவு நாள். கொட்டகையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. செத்தவளின் அக்கா ராமக்கனி, வழக்கம்போல வீட்டிலிருந்து தங்கையின் படத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்திருந்தாள்.

"அக்கா, 'மூடாத விழி'யைத்தான் இன்றைக்கும் வாசிக்கப்போகிறேன். அதில் ஏதோ குறைகிறது. என்னவென்று பிடிபடவில்லை" என்று எஸ்தரிடம் சொன்னான் வேலாண்டி.

எஸ்தர் கேட்டாள்: "கதைகளில் போட்டோ எதற்கு வரும்?"

"மாலையோடு சுவரில் இருந்தால் அப்பா இறந்துவிட்டார். பர்ஸில் இருந்தால் காதல். பாதியாகக் கிழிந்திருந்தால் சண்டை."

"கவிதையில்?"

"கவிதையில் போட்டோ பேசும்."

"என்ன பேசும்?"

வேலாண்டி சிரித்துவிட்டான். "நாம் எழுதிக் கொடுத்ததை."

"சரி. ராமக்கனி பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை வாசி."

வாசித்தான். 'மண்ணில் விழுந்தும் மூடாத விழி, உப்பின் மகளே, அதுவே எம் வழி' என்று முடித்தான்.

"நல்லா இருக்கு தம்பி" என்றாள் ராமக்கனி. "ஆனா அவ கண்ணு மூடித்தான் இருந்துச்சு. என் மடியில கெடக்கையில நாந்தான் மூடிவிட்டேன்."

"படத்தில் திறந்திருக்கிறதே, அம்மா?"

"உசுரோட இருக்கையில அவளுக்கு ஒரு படம் கெடையாது. ஆஸ்பத்திரியில இருந்து உடம்பு வந்த அன்னைக்குத்தான் நாற்காலியில உக்கார வச்சுப் பிடிச்சோம். கண்ணை மட்டும் வரைஞ்சு குடுங்கன்னு ஸ்டுடியோக்காரர்கிட்ட கேட்டு வாங்குனோம். அப்பதான எங்கம்மா அதைப் பார்ப்பா?"

வேலாண்டி தாளை மடித்தான்.

"நீங்க ஏன் தம்பி முகத்தைத் தொங்கப் போடுதீக? அவளுக்காகத்தான எழுதுனீக. நானும் வருசா வருசம் வந்து காது குடுத்துக் கேக்கேன். எல்லாம் வருது, அந்தப் பிள்ளை பேரு மட்டும் வரல. அடுத்த வருசம் வர எனக்குக் காலு இருக்குமோ என்னமோ."

அவன் எஸ்தரிடம் எழுந்து வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் கவிதை, அக்கா. அந்தக் கண்ணை எடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிஞ்சும்?"

எஸ்தர் படத்தை எடுத்தாள். திருப்பி அவன் கையில் கொடுத்தாள். படம் ஆள் மாறிப் போய்விடக் கூடாதென்று, ஸ்டுடியோக்காரர் பின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

"இதை வாசி. சுட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சத்தமாக வாசி."

வேலாண்டி கூட்டத்தின் முன்னே போய் நின்றான். படத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். முகம் அவர்கள் பக்கம் இருந்தது, பின்பக்கம் அவன் பக்கம்.

"சண்முகக்கனி" என்று வாசித்தான். "மகராசன் மகள் சண்முகக்கனி."