இல்லாத ஆளை எங்கே தேட?

மத்திய அமைச்சரின் ஊர் வீட்டில் விருந்தன்று பார்த்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. நிருபர்கள் எதிரிலேயே, வாசல் பெருக்கும் செங்கமலத்தை அவர் அதட்டினார்: "உன் கொழுந்தனைக் குழிக்குள்ள இறங்கச் சொல்லு!"

"இறங்குற ஆளே நாட்டுல இல்லைன்னு டில்லி சபையில சொன்னீங்களேய்யா. இல்லாத ஆளை எங்க போய்த் தேட?"

நிருபர்கள் சிரித்துவிட்டார்கள். அமைச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"போன ஆடியில இதே குழியில இறங்கித்தானேடி உன் புருஷன் செத்தான்?"

சிரிப்பு நின்றது.

"ஆமாங்கய்யா. நெஞ்சுவலின்னு எழுதிட்டாங்க. இன்னிக்குத்தான் உங்க வாயால வந்துச்சு."

அரைமணியில் அடைப்பெடுக்கும் வண்டி வந்து உறிஞ்சியது. கொழுந்தன் மேலேயே நின்றான். செங்கமலம் வண்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"போன ஆடியில இது எங்க நின்னுச்சு தம்பி?"

"இதே ஊர்லதான்க்கா," என்றான் டிரைவர். "ஷெட்டுல."