மூன்று வாட்

உக்கடத்தில் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது. அவளிடம் வேலை கற்க வந்த சென்னியப்பனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் மில்லில் தறி மேஸ்திரியாக இருந்தவர். அந்த இரைச்சலில் பாதிக் காது போய்விட்டது. அங்கே கத்தினால்தான் வேலை நடக்கும். வீட்டிலும் கத்தியே பழகினார். மற்றவர்களும் கத்த வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

எட்டு மாதம் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்தார். மூன்று வாட். பாட்டுக் கேட்க அல்ல. மகன் நவநீதன் பெங்களூரிலிருந்து போனில் பேசிப் பதிந்து அனுப்பிய அரை நிமிடக் குரலைக் கேட்க. அனுப்பிய மறுநாள் அவன் தன் அறையில் இறந்து கிடந்தான்.

செய்து முடித்ததை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலை ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு புது ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஜெசிந்தாவின் கடை முன் ஆட்டோவிலிருந்து இறக்கினார்.

"அம்மிணி, இது பத்தாதுங்க. அம்பது வாட்டாச்சும் வேணும்."

ஜெசிந்தா அவர் போனை மாட்டிப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். முணுமுணுப்புதான் வந்தது. சென்னியப்பன் சத்தத்தைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினார். குரல் பிசிறி உடைந்தது.

"வேற ஆருக்காச்சும் போட்டுக் காட்டுனீங்களாண்ணா?"

"எம் பையன் எனக்குத்தானுங்க பேசுனான்."

"அன்னைக்கு என்ன பதில் அனுப்புனீங்க?"



"வாய்க்குள்ளயே பேசாத, சத்தமாப் பேசுன்னு அனுப்புனேன்."

ஜெசிந்தா புது ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். பிறகு, "இந்தப் பெட்டிய எதைப் பாத்து வாங்குனீங்க?" என்றாள்.

"கனத்தைப் பாத்துத்தானுங்க. தூக்கவே ரெண்டு ஆள் வேணும்."

மில்லில் எந்த மிஷினையும் எடையை வைத்தே மதித்தவர் அவர்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய ஸ்பீக்கரை ஜெசிந்தா இழுத்து வந்தாள். மூடிப்போன ஒரு தியேட்டரில் இருந்தது. அதன் காகிதக் கூம்பு ஓரத்தில் நைந்திருந்தது.

"இந்தக் காயிதத்துலயா கேக்கப் போகுது?"

"இது சின்னச் சத்தத்தையும் வாங்கிக்குமுங்கண்ணா. உங்க பெட்டி அடிச்சுத் தள்ளுனாத்தான் அசையும்."

கம்பிகளை மாற்றி மாட்டினாள். குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். வால்வுகள் சூடாகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

முதலில் மூச்சு கேட்டது. பிறகு குரல்.

"அப்பா, தனியா இருக்கப் பயமா இருக்குதுங்கப்பா. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் இத்தனை தெளிவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. வருகிறேன் என்று இப்போது பதில் அனுப்ப, அந்தப் பக்கம் யாரும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை சுலபத்தில் அடங்கவில்லை.

அடங்கியபோது அவர் கேட்ட கேள்வி வேலை கற்க வந்தவர் கேட்பது போலத்தான் இருந்தது.

"எத்தனை வாட் கூட்டுனீங்க, அம்மிணி?"

"கூட்டலீங்கண்ணா, குமிழைக் குறைச்சுத்தான் வெச்சிருக்கேன். பெட்டிய மட்டுந்தான் மாத்துனேன்."