ஐந்து கேள்வி முடிந்ததும் இடம் மாற வேண்டும்

கீழப்பொட்டல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்து யாராவது "சொன்ன பேச்சு கேட்காதுகள்" என்று சொன்னால் நான் சண்டைக்கே போவேன். அந்த ஊரில் சொன்ன பேச்சைக் கேட்காத ஆளே கிடையாது. ஊருக்கு இருக்கிற ஒரே வியாதி அதுதான்.

பிளஸ் டூ முடிக்கிறவர்களை வேலைக்குத் தயார் செய்ய எஸ்தர் மேடம் வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். கண்ணைப் பார்த்துப் பேசு, பத்து நிமிடம் முன்னதாகப் போ, குழுவாகச் செயல்படு, நேர்மையாக இரு என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டார். பிறகு மாதிரி நேர்முகத் தேர்வு. ஒருவர் அதிகாரி, ஒருவர் வேலை கேட்டு வந்தவர். ஐந்து கேள்வி முடிந்ததும் இருவரும் எழுந்து இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

"இங்க எப்படிச் செஞ்சீங்களோ, அங்கேயும் அப்படியே செய்யணும்," என்று சொல்லிவிட்டு மேடம் பஸ் ஏறினார். பாவம், நல்ல மனுஷி.

பக்கத்து டவுன் அட்டைப்பெட்டி கம்பெனி ஸ்டோரில் ஒரே ஒரு வேலை காலி. மேனேஜர் தவசிமுத்துவும் கீழப்பொட்டலில் படித்தவர்தான். ஊர்ப்பாசத்தில் அங்கிருந்தே ஆள் கேட்டிருந்தார்.

அந்த வேலை இசக்கிக்குக் கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் தாய்மாமனோடு ஆடு மேய்க்க அனுப்பிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆட்டைப் பார்த்தாலே அவனுக்குத் தும்மல் வரும். அவன் ஒரு தும்மல் போட்டால் நாற்பது ஆடும் நாலாபக்கம் ஓடும். போன கோடை லீவு முழுக்க ஓடிப்போன ஆட்டைத் தேடியே முடிந்தது.

குழுவாகச் செயல்பட வேண்டுமே, அதனால் கூடப்படித்த சுடலையும் மாரித்தங்கமும் அவனோடு கிளம்பினார்கள். தேர்வு பத்து மணிக்கு. கம்பெனி வாசலில் போய் நிற்கும்போது மணி ஒன்பது இருபது.

"ஏல, நாப்பது நிமிஷம்லா முன்னாடி வந்துட்டோம்!" என்றான் சுடலை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம் பத்துன்னுதானே சொன்னாவ. இது நாலு மடங்கு தப்பு," என்றாள் மாரித்தங்கம்.

"இங்கேயே அரைமணி நேரம் நின்னா?"

"நிக்கலாம்," என்றான் இசக்கி. "ஆனா வந்தது வந்ததுதானல? வந்துட்டு வரலைன்னு எப்படிச் சொல்ல?"

மூவரும் அடுத்த பஸ்ஸில் ஏறி இரண்டு ஸ்டாப் திரும்பிப் போய், அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகச் சரியாக ஒன்பது ஐம்பதுக்கு வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே இசக்கி உட்கார்ந்தான். மற்ற இருவரும் அவன் பின்னால் நின்றார்கள். மேனேஜர் சான்றிதழைப் படிக்கக் குனிந்தார். இசக்கி கன்னத்தை மேஜையில் வைத்துக் கீழேயிருந்து அவர் கண்ணைப் பிடித்தான். மேனேஜர் அலமாரிப் பக்கம் திரும்பினார். மூவரும் ஓடிப்போய் அலமாரிக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்கள்.

அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இசக்கியும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான்.

"ஸ்டோர்ல சரக்கு குறைஞ்சா என்ன செய்வே?"

"உடனே உங்ககிட்ட வந்து சொல்லுவேன் சார்."

"நல்ல பதில்." மேனேஜர் பேனாவைத் திறந்தார். பெயர் எழுத வேண்டியதுதான் பாக்கி.

விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த மாரித்தங்கம், "அஞ்சு!" என்றாள்.

இசக்கி எழுந்தான். "சார், எந்திரிங்க. அஞ்சு கேள்வி முடிஞ்சிட்டு, இடம் மாறணும்."

வேறு ஆளாக இருந்தால் மூவரையும் வெளியே துரத்தியிருப்பார். தவசிமுத்து கீழப்பொட்டல்காரர் இல்லையா, சொன்னதும் எழுந்துவிட்டார்.

"பேரு?"

"தவசிமுத்து சார்."

"முன் அனுபவம்?"

"இதே கம்பெனியில பத்தொம்பது வருஷம் சார்."

"சரக்கு குறைஞ்சா?"

"குறையுறதுக்கு முந்தியே ஆர்டர் போட்டுருவேன் சார்."

இன்னும் இரண்டு கேள்வி முடிந்ததும் மூவரும் மூலையில் கூடினார்கள்.

"உன்னைவிட நல்லாத்தாம்ல சொல்லுதாரு," என்றான் சுடலை தயங்கித் தயங்கி.

இசக்கி தன் தாய்மாமனின் ஆடுகளை நினைத்தான். ஒரு தும்மல் வந்தது. "நேர்மையா இருக்கணும்னுல்லா மேடம் சொன்னாவ," என்றான். கண் கலங்கிவிட்டது. எனக்கே அவனை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

"சார், வேலை உங்களுக்குத்தான்."

தவசிமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எப்ப சார் வந்து சேரணும்?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு. பத்து நிமிஷம் முன்னாடி வந்துருங்க."

அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இசக்கியும் ஆடு மேய்க்கக் கிளம்பினான். மாரித்தங்கம்தான் மறித்தாள்.

"ஏல, நீ போயிட்டா திங்கக்கிழமை அவரை வேலைக்குச் சேத்துக்கிட ஆள் வேண்டாமா?"

நியாயம்தானே. அதனால் திங்கட்கிழமை காலையிலேயே இசக்கி மேனேஜர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். தவசிமுத்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது இருபது. முகம் வெளுக்க, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.