ஏரிக்கரையில் ஓடிய மானும் மலையில் ஓடிய ஆடும்

ஏரியைச் சுற்றி ஓடுவதென்றால் துள்ளி என்ற மானுக்கு உயிர். எந்த மரத்தடியில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த வளைவில் உடம்பைச் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. நேற்று பதித்த குளம்படியிலேயே இன்றும் கால் வைக்கும். அந்த ஓட்டத்தினால்தான் நரியால் ஒரு நாளும் அதைப் பிடிக்க முடியவில்லை.

பக்கத்து மலையில் பாறையன் என்ற வரையாடு ஓடும். அங்கே எப்போதும் மூடுபனி, பாதையே தெரியாது. ஆனால் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் மைனாவுக்குப் பாதை முழுவதும் மனப்பாடம். “வலப்பக்கம் திரும்பு! அடுத்து பள்ளம், தாண்டு!” என்று அது சொல்லச் சொல்ல, பாறையன் யோசிக்காமல் பாயும்.

ஒரு நாள் பாறையன் மைனாவோடு தண்ணீர் குடிக்க இறங்கி வந்தது.

“செக்குமாடு மாதிரி ஒரே ஏரியைச் சுத்தி வர்றியே துள்ளி, இதுவும் ஒரு ஓட்டமா?” என்று சிரித்தது.

துள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது. “பக்கத்துல ஒருத்தர் வழி சொல்லிக்கிட்டே வந்தா யார்தான் ஓடமாட்டாங்க? அதுல உன் திறமை எங்கே இருக்கு?”

புதர் மறைவிலிருந்து நரி வெளியே வந்தது. “வாய்ச்சண்டை எதுக்கு? ஏரியை ஆடு மூணு தடவை சுத்தட்டும், மலையில மான் ஓடட்டும். ஓடி முடிக்காதவங்க இனிமே ஓடவே கூடாது. சம்மதமா?”

ரோஷம் வந்துவிட்டால் புத்தி எங்கே வேலை செய்யும்? இரண்டும் தலையாட்டின.

முதலில் பாறையன் ஓடியது. ஒவ்வொரு வளைவையும் புதுப் பாதையாக நினைத்துக் கண்டபடி பாய்ந்தது. முதல் சுற்றில் தப்பித்தது. இரண்டாவது சுற்றில், துள்ளி தினமும் வேகம் குறைக்கும் அதே நாவல் மரத்தடியில், சறுக்கிக் கழுத்தளவு சேற்றில் விழுந்தது.

பாறையன் தட்டுத்தடுமாறிக் கரையேறும்வரை துள்ளி விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்து அதன் முறை. மைனா முதுகில் ஏறிக்கொண்டது. மூடுபனிக்குள் நுழைந்ததும் துள்ளிக்குக் கண்ணெதிரே எதுவுமே தெரியவில்லை.

“இடப்பக்கம்!” என்றது மைனா.

“எங்கே?” என்று துள்ளி கண்ணால் தேடியது. அதற்குள் வளைவு தாண்டிப் போய்விட்டது.

“பள்ளம்! தாண்டு!”

“எங்கே பள்ளம்?” என்று கேட்டபோதே துள்ளி பள்ளத்துக்குள் கிடந்தது. முன்னங்கால் பிசகிவிட்டது. சேறு காயாத உடம்போடு பாறையன் மைனாவின் குரலைக் கேட்டு வந்து முட்டி முட்டி மேலே ஏற்றியது. அது சிரிக்கவில்லை. அதுதான் துள்ளிக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டும் மெல்ல ஏரிக்கரைக்கு இறங்கி வந்தன. நாவல் மரத்தடியில் நரி காத்திருந்தது.

“ரெண்டு பேருமே தோத்துட்டீங்க! பேச்சு பேச்சாவே இருக்கணும். நாளையிலிருந்து யாரும் ஓடக்கூடாது!”

இனி அந்த ஏரியைச் சுற்றவே முடியாதா? துள்ளி ஏரியை ஒருமுறை பார்த்தது. தன் வாயால் கொடுத்த வாக்கு அல்லவா? தலையைக் குனிந்து நின்றது. நரி ஆறுதல் சொல்வதுபோல மெதுவாக அதன் பின்பக்கம் போனது.

“வலப்பக்கம் பாய்!” என்று மைனா கத்தியது.

இந்த முறை துள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே, ஏன் என்று கேட்கவில்லை. நொண்டிக் காலோடு வலப்பக்கம் பாய்ந்தது. கழுத்தைக் குறிவைத்துத் தாவிய நரி, பாறையன் விழுந்த அதே சேற்றில் தொப்பென்று விழுந்தது!

“ஓட்டத்தை நிறுத்தச் சொன்னது இதுக்குத்தானா? அந்தப் பேச்சு இனிமே செல்லாது!” என்று பாறையன் உறுமிக்கொண்டு கொம்பைத் தாழ்த்தியது. நரி தட்டுத்தடுமாறிக் கரையேறி, சேற்றோடு சேறாக ஓடி மறைந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த துள்ளி சொன்னது: “கண்ணு பார்க்காததைக் காதை நம்பிச் செய்யறது எவ்வளவு கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“ஒரே இடத்துல தினமும் தப்பாம கால் வைக்கறதும் லேசு இல்லை. எனக்குக் கத்துக் கொடுப்பியா?” என்றது பாறையன்.

அடுத்தவர் ஓடும் பாதையில் ஒருமுறையாவது ஓடிப் பார்க்காமல் அவர் திறமையை எடைபோடக் கூடாது.