புளிய மரத்து ஆணிகள்

பொதிகை மலை அடிவாரத்தில் ஒரு மடம். முடக்குவாதக்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அனுப்புவார்கள். அதனால் அங்கே சாமி கும்பிட வருகிறவர்களைவிட முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம்.

வெந்நீருக்கு ஒரு பாய்லர் இருந்தது. வெளியூர் பக்தர் ஒருவர் வாங்கித் தந்தது. அதன் மேல் அறையில் விறகு மெல்லக் கனன்று வாயுவாகும். அந்த வாயு நடுவிலுள்ள செங்கல் பிளவு வழியாகக் கீழ் அறைக்கு இறங்கி அங்கே எரியும். கொஞ்ச விறகில் நிறைய வெந்நீர். அதைப் பார்த்துக்கொண்டவள் வடிவம்மாள், மடத்துச் சாமியின் சிஷ்யை. ஐம்பதைத் தாண்டியவள். குருவுக்கு அவளைவிட வயது குறைவு. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அம்மா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

போன வருஷக் காற்றில் ஊர் எல்லைப் புளியமரம் சாய்ந்தது. பேய் பிடித்தவர்களைக் கூட்டிவந்து, உச்சி முடியை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, முடியை அறுத்து விடுகிற மரம் அது. பேய் மரத்தோடு நின்றுவிடுமாம். அப்படிக் குடியேறிய பேய்களுக்குக் கணக்கில்லை. அதனால் சாய்ந்த மரத்தைச் சும்மா தந்தாலும் தொட ஆளில்லை. கடைசியில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, மடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாததைத் தானம் செய்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

வெட்டிப் பிளந்து அடுக்கிய விறகு நன்றாகவே காய்ந்திருந்தது. வடிவம்மாள் ஆணி இருந்த கட்டைகளை மட்டும் பொறுக்கி, சுவரோரம் போட்டு, மேலே கோணியால் மூடிவைத்தாள்.

சாரல் மாதம் வந்தது. மற்ற விறகெல்லாம் தீர்ந்தது. ஒருநாள் காலையில் நோயாளிகள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். குழாயில் பச்சைத்தண்ணீர்தான் வந்தது.

சாமி வந்தார். கோணியை விலக்கிப் பார்த்தார்.

“விறகு இருக்கேம்மா?”

“அதுல ஆணி கிடக்கு சாமி. மிஷினு கெட்டுப்போகும். ஓட்டைய அடைச்சுக்கிடும்.”

“அடைச்சா, ஆறினதும் கம்பி விட்டுத் தள்ளிக்கலாம். பெயிண்ட் அடிச்ச கட்டைதான் ஆகாதுன்னு சொன்னார் மிஷின் மாட்டினவர். ஆணி சாம்பலோட வந்துடுமாம்.”

வடிவம்மாள் கோணியை மறுபடி இழுத்து மூடப் போனாள்.

“மிஷினுக்காகத்தான் பயமா?”

அவள் கட்டைகளையே பார்த்தாள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருந்தது.

“இதுல ஒண்ணு என் முடிக்கு அடிச்ச ஆணி சாமி.”

பிறகு சொன்னாள். அப்போது அவளுக்கு இருபதுகூட ஆகவில்லை. தலைப்பிள்ளை பால்குடி மறக்கும் முன்னே காய்ச்சலில் போய்விட்டது. அவள் தெருவில் நின்று அலறினாள். மறுநாளும் அலறினாள். மாமியார் பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்தாள். உடுக்கை, வேப்பங்குலை, சாட்டை. மரத்தில் ஆணி இறங்கியதும் அவள் வாய் அடைத்துப்போயிற்று. பேய் போய்விட்டது என்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அதன்பிறகு அவள் எதற்கும் சத்தம் போட்டதில்லை. புருஷன் செத்த அன்றுகூட இல்லை.

“கட்டை எரிஞ்சுபோனா, உள்ள கிடக்கது வெளிய வந்துராதா சாமி? மறுபடியும் என்னையப் பிடிச்சா நான் எங்க போவேன்?”

பேய் என்று ஒன்று கிடையாது என்று அவர் சொல்லியிருக்கலாம். வேறொரு சாமியாராக இருந்தால் அதைப் பற்றியே ஒரு பொழுது பேசியிருப்பார்.

“வந்தாலும் வரும்,” என்றார் அவர். “நான் இங்கேயே இருக்கேன்.”

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் முதல் கட்டையை எடுத்தாள். அவர் எழுந்து உதவவில்லை, போகவும் இல்லை. ஒவ்வொன்றாக அவளே அடுக்கி, தீயைப் பற்றவைத்து, கதவைச் சாத்தினாள். பாய்லரின் காற்று விசிறி ஓடத் தொடங்கியது. கீழ் அறையின் சிறு கண்ணாடி வழியே பார்த்தாள். சுடர் எப்போதும்போல நீலமாக எரிந்தது.

உள்ளே கட்டை ஒன்று படாரென்று வெடித்தது. அவள் சாமியின் பக்கம் திரும்பினாள்.

“புளிய விறகு வெடிக்கும்மா,” என்றார்.

வெந்நீர் வந்துவிட்டது. வாளிகள் வந்தன. பேச்சியம்மாள் என்ற கிழவி முட்டியில் ஊற்றச் சொல்லி, “அப்பாடி, உயிரு வந்துச்சு தாயி,” என்றாள். அடுத்தவள் கூப்பிட்டாள். வடிவம்மாளுக்கு ஓடி ஓடி ஊற்றவே நேரம் சரியாக இருந்தது. பயப்படவேண்டும் என்பது நடுநடுவேதான் நினைவுக்கு வந்தது. சாமி மத்தியானச் சாப்பாட்டைக்கூட அந்த வாளி மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாயங்காலம் பாய்லர் ஆறியது. அவள் கதவைத் திறந்து சாம்பலை வாரித் தட்டில் கொட்டினாள். ஆணிகள் கிணுகிணுவென்று விழுந்தன. வளைந்தவை, தலை போனவை, எல்லாமே சாம்பல் பூத்தவை. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று.

“இதுல என்னுது எது சாமி?”

“தெரியலையே.”

ஒன்றிலும் முடி இல்லை. கையில் இருந்த ஆணி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் பொத்தினாள். அப்போதுதான் அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்தது. மடமே அதிர்கிற மாதிரி அலறினாள்.

கூடத்திலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். முட்டி மடக்க முடியாதவர்கள்கூட அன்று ஓடினார்கள்.

“புளியமரத்துப் பேயி! வடிவம்மாளப் பிடிச்சிட்டுது! கயிறு எடுங்கய்யா!”

சாமி எழுந்து அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

“யாரும் தொடாதீங்க. சத்தம் போடட்டும்.”

அவள் மாரில் அடித்துக்கொண்டாள். சாம்பலில் விழுந்து புரண்டாள். அலறல் மெல்ல அழுகையாகி, அழுகை விக்கலாகி நின்றது. பேச்சியம்மாள் தானாகவே போய் ஒரு செம்பு வெந்நீர் கொண்டுவந்து அவள் முகத்தைக் கழுவிவிட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

வடிவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். அங்கே இத்தனை வருஷம் எதுவோ அடைத்துக்கொண்டு இருந்தது என்பது, அது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மூச்சு தாராளமாக வந்தது. நன்றாகப் பசித்தது.

“சாமி, வெளிய வந்துட்டோ?”

“வந்துடுச்சும்மா.”

“என்னைய ஒண்ணும் பண்ணலியே!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“இம்புட்டு வருஷமா உள்ள கிடந்துச்சே, அது யாரு சாமி?”

“நீங்கதாம்மா சொல்லணும்,” என்றார் அவர். “பிள்ளைக்கு என்ன பேர் வச்சிருந்தீங்க?”